உள்பக்கம் திரும்பிய தேதி

மூன்று மணிக்குக் கையெழுத்து. நான்கு மணிக்குப் பழைய இரும்புக்காரனின் லாரி.

காலையில் ஒரு கண் டாக்டர் போனில் சொன்ன இந்த இரண்டு நேரங்களும் கமாவின் மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருந்தன. வேன் நிற்பதற்குள் கதவைத் திறந்துவிட்டாள்.

"அக்கா, ஆம்புலன்ஸ்லகூட வண்டி நின்னப்புறம்தான் ஆளை இறக்குவோம்" என்றான் ரேடியோ.

"மணி என்ன?"

"பதினொண்ணேகால். போன தடவை கேட்டப்போ பதினொண்ணு பதினாலு."

கமாவுக்கு ஐம்பத்திரண்டு வயது. இருபது வருடம் ஓர் அச்சகத்தில் பிழை திருத்தியவள். ஒரு வாக்கியத்தைப் பேசி முடிப்பதற்குள் நடுவில் நிறுத்தி யோசிப்பாள். அங்கே வைத்த பெயர்தான் கமா. அச்சகம் கைமாறிய பிறகு மாடியில் ஒரு சின்ன அறை எடுத்துத் துப்பறிய வந்துவிட்டாள். தப்பைத் தேடுவதுதானே வேலை, எழுத்தில் தேடினால் என்ன, ஆளிடம் தேடினால் என்ன என்பது அவள் கட்சி. ரேடியோ அவளுடைய உதவியாளன். முன்பு ஆம்புலன்ஸ் ஓட்டியவன். அவனுக்கு அந்தப் பெயர் ஏன் வந்தது என்று யாரும் கேட்டதில்லை. ஐந்து நிமிடம் பக்கத்தில் உட்கார்ந்தாலே தெரிந்துவிடும்.

விபத்தான வண்டிகளைப் போலீஸ் நிறுத்திவைக்கும் மைதானம் அது. தூறல் விட்டுவிட்டு விழுந்துகொண்டிருந்தது. காவலாளி அரை மணி நேரம்தான் என்று கறாராகச் சொல்லிவிட்டுத் தன் கூண்டுக்குள் போய்விட்டார்.

கடைசி வரிசையில் அந்தச் சிவப்பு வண்டி நின்றது. இரண்டே கதவு, தாழ்ந்த கூரை, முன்பக்கம் விளக்குக்கம்பத்தில் மோதி மடங்கியிருந்தது.

வண்டி கண் டாக்டரின் தங்கையுடையது. தங்கைக்குத் துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் வேலை. சனிக்கிழமை காலை மழையில் கிடங்குத் தெரு வளைவில் வந்துகொண்டிருந்தாள். எதிரே ஒரு தபால்காரர், கையில் சைக்கிள். பிரேக்கை மிதித்தாள். வண்டி நிற்கவில்லை. இடதுபக்கம் சுழன்று அவர்மீது மோதி, கம்பத்தில் இடித்து நின்றது. தபால்காரருக்கு இடுப்பெலும்பு முறிந்து அறுவை சிகிச்சை. மூன்று நாளாகியும் அவரிடம் யாரும் பேச முடியவில்லை.

நாற்பதில்தான் வந்தேன் என்று தங்கை சொன்னாள். அதிவேகம் என்று போலீஸ் எழுதியது. கண் டாக்டரின் கணவர் வக்கீல். 'ஒத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிடு, சீக்கிரம் முடிந்துவிடும்' என்பது மைத்துனிக்கு அவர் சொன்ன ஆலோசனை. கையெழுத்து விழுந்தால் வழக்கு முடிந்து வண்டி இரும்புக்காரனின் லாரியில் ஏறிவிடும், ஓட்டுநர் உரிமமும் போகும். உரிமம் போனால் கிரேனும் போகும். தங்கை அதைப் பற்றிக்கூடக் கவலைப்படவில்லை. மூன்று நாளாகத் தூங்காதவள், எந்தத் தாளை நீட்டினாலும் போட்டுவிடும் நிலையில் இருந்தாள்.

நம்பாதவள் அக்கா ஒருத்திதான். "என் தங்கச்சி நாப்பதுன்னா நாப்பதுதான். இத்தனாம் பெரிய கண்டெய்னரை விரற்கடை பிசகாம இறக்கறவ அவ" என்று காலையில் போனில் சொல்லியிருந்தாள்.

"சின்ன வண்டி, சிவப்பு பெயின்ட், ஓட்டினது ஒரு பொண்ணு" என்றான் ரேடியோ. "வேகம்னு எழுதாம வேற என்ன எழுதுவாங்க? இதே வெள்ளைக் கலர்ல, பின்னாடி குழந்தை சீட்டு இருந்திருந்தா, 'சாலை வழுக்கல்'னு எழுதியிருப்பாங்க."

கமா பையிலிருந்து ஒரு கட்டம் போட்ட நோட்டை எடுத்தாள். தங்கையின் நோட்டு. கண் டாக்டர் கொடுத்தனுப்பியது. பழைய டயர்கள் தேய்ந்துபோனதும் புதிதாக எதை வாங்குவது என்று மூன்று வாரம் யோசித்து ஒன்பது பக்கம் எழுதியிருந்தாள் அந்தப் பெண்.

"கல்யாணத்துக்கு வரன் பாக்கறவங்ககூட இவ்வளவு எழுத மாட்டாங்க" என்றான் ரேடியோ, தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து.

"கேளு. 'முதல் டயர். வளைவில் பசை மாதிரி ஒட்டும். ஒரே வருடத்தில் தேய்ந்துவிடும். இரண்டாவது, ஐந்து வருடம் உழைக்கும், ஈரத்தில் நம்ப முடியாது. மூன்றாவது, சத்தம். ரேடியோ கேட்காது.'"

"யாரு, என்னையா சொல்றாங்க?"

"'நாலாவது. காய்ந்த சாலையில் அரை செகண்ட் போகும், போகட்டும். ஈரத்தில் மற்ற மூன்றையும்விட ஏழு அடி முன்னாலேயே நிற்கிறது.'" கமா நிறுத்தினாள். "கீழ கோடு போட்டு எழுதியிருக்கா. 'ஓடுவதற்கு இல்லை. நிற்பதற்கு.'"

ரேடியோவின் முகம் மாறியது. "நிக்கறதுக்குன்னே பார்த்துப் பார்த்து வாங்கினது. அதுதான் நிக்கல."

"போட்டு பத்து நாள்கூட ஆகல."

கமா குனிந்து டயரைப் பார்த்தாள். அதே கம்பெனி. அதே பெயர். அதே அளவு. பட்டைகள் ஆழமாக, கறுப்பாகப் பளபளத்தன. கடையிலிருந்து நேராக வந்த மாதிரிதான் இருந்தது. விரலால் ஓரத்தைத் தேய்த்தாள். விரல் கறுத்தது. நகத்தால் அழுத்தினாள். நகம் இறங்கவில்லை.

"பாலிஷ்" என்றாள். "அடியில கல்லு மாதிரி இருக்கு. தேதி எங்க?"

"டயருக்குத் தேதியா? பிறந்தநாள் கொண்டாடவா?"

"எந்த வாரம், எந்த வருஷம் செஞ்சதுன்னு நாலு எண் அடிச்சிருப்பாங்க. நோட்டுல அந்தப் பொண்ணு நாலு டயருக்கும் வாரத்தைக் குறிச்சு வெச்சிருக்கா. பதினாலு, பதினாலு, பதினாலு, பதினொண்ணு. பதினொண்ணு இருக்கறது வலதுபக்கம் பின்னாடி."

வண்டியைச் சுற்றி வந்தாள். நான்கு சக்கரத்திலும் வெளிப்பக்கம் தேதி இல்லை. ஒரு சுற்று, இன்னொரு சுற்று. மூன்றாவது சுற்றில் நின்றாள்.

"ரேடியோ, உள்ள போ."

"எங்க உள்ள?"

"வண்டிக்கு அடியில."

"சேறு இருக்கே அக்கா."

"சட்டை கறுப்புதானே. தெரியாது."

புலம்பிக்கொண்டே அவன் போன் விளக்குடன் வண்டிக்கு அடியில் நுழைந்தான். இரண்டு கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன. கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. ரேடியோ பேசாமல் இருந்தால் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம்.

"அக்கா... இது எட்டு வருஷத்துப் பழசு. நாலுமே. தேதி எல்லாம் உள்பக்கமா இருக்கு."

"நாலும் உள்பக்கமா? நல்லாப் பாரு."

"நாலும்தான். ஏன், அதுல என்ன?"

கமா வலது முன் சக்கரத்தின் ஓரத்தில் விரலை வைத்தாள். அங்கே ரப்பரில் ஒரு சின்ன அம்பு புடைத்திருந்தது. அது வண்டியின் பின்பக்கம் காட்டியது.

"இந்த டயர் ஒரே திசையிலதான் சுத்தணும். அம்பு காட்டற பக்கம். அப்பத்தான் தண்ணியை வெளிய தள்ளும். தேதி அடிச்சிருக்கறது ஒரு முகத்துல மட்டும். ஒழுங்கா மாட்டினா, வலதுபக்கத்து ரெண்டுலயும் தேதி வெளிய தெரியும், இடதுபக்கத்து ரெண்டுலயும் உள்ள போயிடும். நாலுலயும் தேதியை மறைக்கணும்னா..."

"வலதுபக்கத்து ரெண்டையும் திருப்பிப் போட்டாகணும்" என்று கீழேயிருந்து குரல் வந்தது. "அப்போ அந்த ரெண்டும் தலைகீழா சுத்தியிருக்கு. தண்ணியை வெளிய தள்ளாம உள்ள இழுத்திருக்கு."

"பிரேக் போட்டதும் வலதுபக்கம் பிடிக்கல, இடதுபக்கம் பிடிச்சுது. அதான் இடதுபக்கம் சுத்தியிருக்கு." கமா நிமிர்ந்தாள். "இது கவனக்குறைவு இல்லடா. தேதியை ஒளிக்கணும்னே செஞ்ச வேலை."

"அக்கா, இன்னொண்ணு. வலதுபக்கத்து ரெண்டுலயும் தேதிக்குப் பக்கத்துல மஞ்சள் கிரேயான்ல எழுதியிருக்கு. 'சொ. கே.' அப்படின்னா? சொந்தக் கேடா?"

கமா முதல்முறையாகச் சிரித்தாள். "படம் எடுத்துட்டு வெளிய வா."

---

நோட்டில் பெயர் இருந்த டயர்க்கடையின் முதலாளி ஒல்லியாக இருந்தார். காதில் பென்சில், கையில் டேப். கமா போனில் இருந்த படத்தைக் காட்டியதும் அவர் முகம் சிவந்தது.

"எங்க கடை டயர் இல்லைங்க இது! எட்டு வருஷச் சரக்கை விக்கறதுக்குப் பதிலா நான் கடையைச் சாத்திட்டுப் போவேன். அந்தப் பொண்ணு எத்தனை தடவை வந்துச்சு தெரியுமா? அஞ்சு தடவை. வேகமா போறது எதுன்னு கேட்டு வர்றவங்கதான் இங்க அதிகம். நிக்கறது எதுன்னு கேட்டு வந்தது அது ஒண்ணுதான்."

"அப்போ உங்களுக்குப் பிடிச்சுப்போச்சு" என்றான் ரேடியோ.

"பிடிக்கறதா? உசுரை வாங்கிடுச்சு. ஒவ்வொரு டயரோட தேதியையும் டார்ச் அடிச்சுப் பார்த்துச்சு. ஒண்ணு மட்டும் மூணு வாரம் மூத்ததுன்னு அரை மணி நேரம் யோசிச்சுச்சு. இருந்தது ஒரே செட்டு. அடுத்தது வர ரெண்டு மாசம் ஆகும்னு சொன்னப்புறம்தான் சரின்னுச்சு."

மாட்டி முடித்ததும் எடுத்த படத்தைத் தன் போனில் தேடிக் காட்டினார். சிவப்பு வண்டி, வெண்கல நிறச் சக்கரங்கள், வலது பின் டயரில் தேதி பளிச்சென்று தெரிந்தது. பதினொன்றாவது வாரம். அம்பும் முன்பக்கம் பார்த்தது.

"இங்கேருந்து ஒழுங்காத்தான் போயிருக்கு" என்றாள் கமா. "அப்புறம் யாரோ, கழட்டியிருக்காங்க."

அவள் பார்வை சுவருக்குப் போனது. சின்ன வண்டிக்காரர்கள் சேர்ந்து நடத்தும் ஒரு சங்கத்தின் படம் அங்கே மாட்டியிருந்தது. மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மலைப்பாதையை மூடி, ஒவ்வொருவராக நேரம் பார்த்து ஓட்டுவார்களாம். பரிசு மேடைப் படியில் முதல் இடத்தில் தங்கை. இரண்டாவது இடத்தில் நின்றவர் பல்வலி வந்தவர் மாதிரி சிரித்துக்கொண்டிருந்தார்.

"இது யாரு?"

"அந்தப் பொண்ணோட மாமா. அக்கா வீட்டுக்காரர், வக்கீல். இதே மாதிரி வண்டிதான் அவருதும். மூணு மாசமா அது முதலு, இவர் ரெண்டாவது."

கமா மறுபடி தன் போனை எடுத்தாள். மஞ்சள் எழுத்தின் படத்தைப் பெரிதாக்கி அவரிடம் நீட்டினாள். "இதைப் பார்த்திருக்கீங்களா?"

முதலாளி பார்த்தார். கோபத்தையும் மீறிச் சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு.

"பைபாஸ் பஞ்சர்க்கடை அம்மா. அவங்க எழுத்துதான். சொன்னேன், கேக்கல. தப்புன்னு தெரிஞ்சும் வர்றவங்க பிடிவாதம் பிடிச்சா, வேலையைச் செஞ்சுட்டு இப்படி எழுதி விட்டுடுவாங்க. நாளைக்கு ஏதாவது ஆனா என் தலையில கட்டக்கூடாது பாருன்னுவாங்க."

"எவ்வளவு தூரம்?"

"முக்கால் மணி நேரம். மழைன்னா ஒரு மணி."

கமா அதற்குள் வாசலைத் தாண்டியிருந்தாள்.

---

மழைதான் என்று ஆகிவிட்டது. வேனின் வைப்பர் ஒன்று பாதியில் நின்று நின்று நகர்ந்தது. ரேடியோ இரண்டு முறை இறங்கி அதைத் தட்டிவிட்டு ஏறினான். கமா நோட்டைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள். மணி ஒன்று இருபது.

"அக்கா, முழங்காலை ஆட்டாதீங்க. வண்டியே ஆடுது."

"ஓட்டுடா."

"ஓட்டறேன். இந்த டயரைப் பத்தி நீங்க கேக்காத வரைக்கும் நிம்மதியா ஓட்டுவேன்."

பஞ்சர்க்கடை ஒரு தகரக் கொட்டகை. உள்ளே லாரி டயர் ஒன்றைப் படுக்கவைத்து, கைலிக்கு மேல் ரப்பர் ஏப்ரன் கட்டிய ஒரு பெண்மணி நெம்புகோலால் நெம்பிக்கொண்டிருந்தாள். காதில் சொருகியிருந்தது மஞ்சள் கிரேயான்.

"பஞ்சரா, காத்தா?" என்றாள் நிமிராமல்.

"சொ. கே." என்றாள் கமா.

நெம்புகோல் நின்றது. பெண்மணி இருவரையும் ஏற இறங்கப் பார்த்தாள். படத்தைப் பார்த்தாள். கையைத் துடைத்துக்கொண்டாள்.

"எங்கயாவது மோதிடுச்சா?"

"மோதிடுச்சு. ஒரு தபால்காரர் ஆஸ்பத்திரில இருக்கார்."

அவள் தலையில் கைவைத்துக்கொண்டு ஒரு டயர் அடுக்கின்மேல் உட்கார்ந்துவிட்டாள். "படிச்சுப் படிச்சுச் சொன்னேன். அம்பு பின்னாடி பாக்குது, மழைல வண்டி நிக்காதுன்னு. பழசை எதுக்கு மாட்டறீங்க, புதுசு நாலு கையில இருக்கேன்னு கேட்டேன்."

"புதுசா?"

"சிவப்பு வண்டி வரும்போது அதுல புது டயர்தான் இருந்துச்சு. அதைக் கழட்டிட்டு, வெளியூர்லேருந்து வரவழைச்ச பழைய செட்டை அதுல மாட்டணும்னாங்க. கழட்டின புதுசை வேற நாலு வெள்ளிக் கலர் சக்கரத்துல ஏத்திக் கொடுக்கணும்னாங்க. ரெண்டும் ஒரே பேரு, ஒரே அளவு. போன புதன்கிழமை."

புதன்கிழமை. அந்த வாரம் தங்கை பயிற்சிக்காக வெளியூர் போயிருந்ததாகக் கண் டாக்டர் காலையில் சொல்லியிருந்தாள். வண்டி அக்கா வீட்டு வாசலில் நின்றது. வெள்ளிக்கிழமை திரும்பி வந்து எடுத்திருக்கிறாள். சனிக்கிழமை மழை.

"சாவி எப்படி இருந்துச்சு, ஞாபகம் இருக்கா?" என்று கமா கேட்டாள்.

"இருக்கு. வளையத்துல ஒரு அட்டை தொங்குச்சு. கண்ணு பாக்கறாங்களே, பெரிய எழுத்துலேருந்து சின்னதாப் போகுமே, அது மாதிரி."

ரேடியோ துள்ளிக் குதித்தான். "அக்கா! கண் டாக்டர்! நம்ம ஆளேதான்! அவங்களே செஞ்சுட்டு, அவங்களே நம்மளைக் கூப்பிட்டு..."

"கூப்பிட்டு மாட்டிக்குவாங்களா?" என்றாள் கமா. ஆனால் அவள் குரலிலும் உறுதி இல்லை. "அம்மா, வந்தது பொம்பளையா, ஆம்பளையா?"

"ஆம்பளை. வெள்ளைச் சட்டை. பின் சீட்டுல கறுப்பு அங்கி ஒண்ணு மடிச்சு வெச்சிருந்துச்சு. அம்பு எந்தப் பக்கம் பார்த்தா என்ன, ஒரு வாரம்தானேன்னு அரை மணி நேரம் வாதாடினாரு. எனக்குப் பேச்சு வரல. அவருக்கு அதுதான் தொழில்போல." அவள் எழுந்து நின்றாள். "நான் மாட்டியிருக்கக் கூடாது. எழுதிட்டா போச்சுன்னு நெனச்சேன். எங்க வந்து சொல்லணும், சொல்லுங்க. வர்றேன்."

மணி இரண்டு ஐந்து.

"இப்பவே ஏறுங்க" என்றாள் கமா.

---

காவல் நிலையத்தில் தங்கை பேனாவைக் கையில் வைத்திருந்தாள். இன்ஸ்பெக்டர் தாளின் அடியில் விரலால் இடம் காட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் வக்கீல், நாற்காலியின் முதுகில் கைபோட்டபடி. சுவரோரமாகக் கண் டாக்டர் நின்றிருந்தாள். மணி மூன்று அடிக்கப் பன்னிரண்டு நிமிடம்.

"ஒரு நிமிஷம்" என்றபடி கமா நுழைந்தாள். மழையில் நனைந்து, மூச்சு வாங்கி, காலில் சேறோடு. பின்னால் அதைவிடச் சேறோடு ரேடியோ. "கையெழுத்துக்கு முன்னாடி இவங்க வாசல் வரைக்கும் வரணும்."

"யார் நீங்க?" என்றார் வக்கீல்.

"நான் கூப்பிட்டேன்" என்றாள் கண் டாக்டர். கணவரைப் பார்க்காமல் சொன்னாள்.

"உனக்கு எத்தனை தடவை சொல்லணும்? இதைக் கிளறினா அவளுக்குத்தான் கஷ்டம்."

"உங்க வண்டி வெளியிலதானே நிக்குது?" என்று கமா அவரிடம் கேட்டாள். "வெள்ளிக் கலர் சக்கரம்?"

வக்கீலின் கை நாற்காலியிலிருந்து இறங்கியது.

தங்கை எழுந்தாள். ஏன் என்று கேட்கக்கூட அவளுக்குத் தெம்பில்லை. வாசலுக்கு வந்தாள். அவளுடையதைப் போலவே ஒரு வண்டி, நீல நிறம், மழையில் நின்றிருந்தது. கமா அவளை வலது பின் சக்கரத்தின் பக்கம் நிறுத்தினாள்.

"தேதியை வாசிங்க."

தங்கை குந்தி உட்கார்ந்து ரப்பரில் வழிந்த தண்ணீரைக் கட்டை விரலால் துடைத்தாள். பிறகு அப்படியே இருந்தாள். முன் சக்கரத்துக்குப் போனாள். அதைப் பார்த்தாள். தரையில் மழைநீர் ஓடுவதைப் பொருட்படுத்தாமல் படுத்து, இடதுபக்கத்து உள்முகங்களைப் பார்த்தாள். எழுந்தபோது அவள் முகத்தில் மூன்று நாளாக இல்லாத ஒரு தெளிவு இருந்தது. அது கோபம் என்று சொல்ல முடியாது.

"பதினாலு, பதினாலு, பதினாலு, பதினொண்ணு" என்றாள். "மாமா, இது என் டயர்."

இன்ஸ்பெக்டர் வக்கீலைத் திரும்பிப் பார்த்தார். வேனிலிருந்து இறங்கிய பஞ்சர்க்கடைப் பெண்மணி ரப்பர் ஏப்ரனோடு வந்து நின்றாள். அவளைப் பார்த்ததும் வக்கீலுக்கு வாதம் எதுவும் மிச்சமில்லாமல் போயிற்று.

"ஞாயிற்றுக்கிழமை மழைன்னு சொல்லியிருந்தாங்க" என்றார் தாழ்ந்த குரலில். "மழைன்னா இந்த டயரை அடிச்சுக்க ஆளில்லன்னு சாப்பிடும்போது அவதான் சொன்னா. கடைல வேற செட்டு இல்ல. வெளியூர்ல சொல்லி வரவழைச்சேன், பார்த்தா பழசு. ஒரே ஒரு ஓட்டம். முடிஞ்சதும் திருப்பிப் போட்டிருப்பேன். பழசும் பாக்கப் புதுசு மாதிரிதான் இருந்துச்சு..."

"அப்படின்னா அதை உங்க வண்டிக்கே போட்டிருக்கலாமே" என்றாள் கமா.



"வெள்ளிக்கிழமை ஓட்டும்போதே சத்தம் கொஞ்சம் அதிகமா இருந்துச்சு" என்றாள் தங்கை, யாரிடமும் இல்லாமல். "புது டயர், பழகட்டும்னு விட்டுட்டேன். மூணு நாளா நான் பிரேக்கை லேட்டா மிதிச்சேனோ, லேட்டா மிதிச்சேனோன்னு... நீங்க பக்கத்துலயே உக்காந்திருந்தீங்க மாமா. ஒத்துக்கோன்னு சொன்னீங்க."

கண் டாக்டர் கணவருக்கு எதிரில் வந்து நின்றாள். அறைவாள் என்று ரேடியோ நினைத்தான். அவள் அறையவில்லை. நோயாளியின் கண்ணைப் பார்க்கிற மாதிரி அவர் கண்ணைக் கிட்டத்தில் பார்த்தாள்.

"வண்டியைக் கழுவி வைக்கிறேன்னீங்க. நான்தான் சாவி கொடுத்தேன்." பிறகு இன்ஸ்பெக்டரிடம் திரும்பினாள். "அதையும் எழுதிக்கோங்க. சாவி கொடுத்தது நான்."

"நீ எதுக்கு உன்னை இழுத்து விட்டுக்கற?" என்றார் வக்கீல் பதறி.

"நடந்ததைச் சொல்றேன். உங்களுக்குப் பழக்கமில்ல, இருக்கட்டும்."

இன்ஸ்பெக்டர் உள்ளே போய், கையெழுத்தாகாத தாளை எடுத்து இரண்டாகக் கிழித்தார். மைதானத்துக்குப் போன் போட்டு, லாரி வந்தால் திருப்பி அனுப்பச் சொன்னார். வக்கீலை எதிர் நாற்காலியில் உட்காரச் சொன்னார். காலையிலிருந்து தங்கை உட்கார்ந்திருந்த நாற்காலி அது.

பஞ்சர்க்கடைப் பெண்மணி வாக்குமூலம் எழுதும் மேஜைக்கு முன்னால் நின்று, "நான் சொன்னேன், கேக்கல. ஆனாலும் மாட்டினது நான்தான். ரெண்டையும் சேர்த்தே எழுதுங்க" என்றாள்.

ரேடியோ கமாவின் காதருகே குனிந்தான். "அக்கா, இந்த ரூம்ல பொம்பளைங்க எல்லாம் வரிசையா பொறுப்பேத்துக்கறாங்க. அந்த ஆளு ஒருத்தர்தான் மழையைக் குத்தம் சொல்லிட்டிருக்கார்."

"வேனை எடு" என்றாள் கமா. தங்கை வாசலில் காத்துக்கொண்டு நின்றிருந்தாள். எங்கே போக வேண்டும் என்று அவள் சொல்லவில்லை. கேட்கவும் தேவையிருக்கவில்லை.

---

தபால்காரர் அன்று மத்தியானம்தான் கண் விழித்துப் பேச ஆரம்பித்திருந்தார். கட்டிலின் கால்பக்கத்தில் எடைக்கல் தொங்கியது. பக்கத்தில் அவர் மனைவி ஒரு முக்காலியில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்திருந்தாள்.

தங்கை வார்டின் கதவோடு நின்றுவிட்டாள். கமா பின்னாலிருந்து தள்ளவும் இல்லை, கூப்பிடவும் இல்லை. கடைசியில் அவளாகவே கட்டில் வரை நடந்தாள்.

"நான்தான்..." என்று ஆரம்பித்தாள். "டயரை மாத்திட்டாங்க. ஆனா அதைச் சொல்லித் தப்பிச்சுக்க வரல. வண்டியை ஓட்டினது நான்."

தபால்காரர் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். ஆளை அடையாளம் தேடுகிறார் என்று தெரிந்தது.

"சிவப்பு வண்டி" என்றார்.

"ஆமா."

"ஸ்டியரிங்கை அந்தப் பக்கமா ஒடிச்சுக்கிட்டே இருந்தியேம்மா. கண்ணாடி வழியா பார்த்தேன். வண்டி கேக்கல." குரல் காய்ந்து கமறியது. மனைவி தண்ணீர் கொடுத்தாள். "வாயைத் திறந்து ஏதோ கத்தின. என்ன அது?"

"'போயிடுங்க, போயிடுங்க'ன்னு."

"மழைச் சத்தத்துல காதுல விழல. விழுந்திருந்தாலும் போயிருக்க முடியாது. சைக்கிள் செயின் கழண்டுபோய் நடு ரோட்டுல நின்னுட்டிருந்தேன். ஓரமாப் போய் மாட்டியிருக்கலாம். தபால் நனையக்கூடாதேன்னு அங்கயே குனிஞ்சேன்." அவர் மேலே பார்த்தார். "கண்ணு முழிச்சதுலேருந்து அதைத்தான் நெனச்சுக்கிட்டிருக்கேன். அந்தப் புள்ளைக்கு என்னால என்ன ஆச்சோன்னு யாராவது சொல்லுங்கன்னு இவகிட்ட கேட்டுக்கிட்டே இருந்தேன்."

தங்கையின் தோள் குலுங்கியது.

தபால்காரரின் மனைவி எழுந்து முக்காலியை அவள் பக்கம் நகர்த்தினாள்.

"மூணு நாளா நின்னுட்டே இருந்த மாதிரி இருக்கே" என்றாள். "உக்காரும்மா."